நீ வரமாட்டேன் என்றாய், அக்கா

என் தங்க ராசாத்தி அக்காவுக்கு,

எனக்குப் பயமாக இருக்கிறது. மற்றதைப் பேசும் முன்னே இதைச் சொல்லிவிடுகிறேன். நீ இருந்திருந்தால் "பயந்தாங்கொள்ளி" என்று தலையில் ஒரு குட்டு வைத்திருப்பாய்.

உன் தம்பி இங்கிலாந்துக்குப் படிக்கப் போகிறேன். கோலாலம்பூரில் ஓர் ஆபீசில், அட்டையில் ஓட்டை போடும் வேலையில்தான் சேர்ந்தேன். கம்ப்யூட்டருக்கு அந்த அட்டைகள்தான் சாப்பாடு. பிறகு அதற்குப் புரோகிராம் எழுதப் பழகினேன். இப்போது மேலே படித்து வா என்று ஆபீசே அனுப்புகிறது. அங்கே குளிரில் செத்துப்போவாய் என்று கூட வேலை செய்கிறவர்கள் மிரட்டுகிறார்கள். நம் மலையில் பிறந்தவனிடம் சொல்கிற பேச்சா இது? குளிர் ஒன்றுதான் எனக்குப் பயமில்லாத விஷயம். விமானம் பயம். வெள்ளைக்கார வாத்தியார் பேசினால் புரியுமா என்று பயம். எல்லாவற்றையும் விடப் பெரிய பயம், தேயிலைத் தோட்டம் நமக்குக் கொடுத்திருக்கும் லயத்து வீடு.

அம்மாவுக்கு முழங்கால் போய்விட்டது. சரிவில் ஏறி இனிக் கொழுந்து பறிக்க முடியாது. போன வாரம் நான் லீவில் வந்த அன்றே, தோட்ட ஆபீஸ் கிராணி வாசலில் வந்து நின்றார். உள்ளே கூப்பிட்டேன், வரவில்லை.

"வீட்டுக்கு ஒரு ஆளாச்சும் தோட்டத்துல வேல செஞ்சு செக்ரோல்ல பேரு இருக்கணும்லா. இல்லன்னா காலி பண்ணணும். நான் என்னா செய்றது, துரை சொல்லிட்டாரு. சின்னவ இருக்கால்ல, அவ பேரப் போட்டுடலாம்."

சின்னவள் நம் கலாதான். அப்பா இறந்தபோது அம்மா வயிற்றில் இருந்தவள். அன்றைக்கும் இதே பேச்சுத்தான். அம்மாவால் மலை ஏற முடியாது, வீடு கைவிட்டுப் போகக்கூடாது என்று உன் பேரைப் போட்டார்கள். பள்ளிக்கூடச் சட்டையோடு நீ கூடை மாட்டிக்கொண்டு போனது எனக்கு நினைவிருக்கிறது. கலா பிறந்து, அம்மா வேலைக்குத் திரும்பிய பிறகும் உன்னைப் பள்ளிக்கூடத்துக்கு யாரும் அனுப்பவில்லை. பத்தொன்பது வயதில் காய்ச்சல் வந்து நீயும் போய்விட்டாய். இப்போது கலா மூன்றாம் பாரம் படிக்கிறாள். கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரி.

"வீட்ட விட்டுடுவோம்மா" என்றேன். ரிங்லெட்டில் காய்கறித் தோட்டம் வைத்திருக்கும் மாமா, தன் கொட்டகைக்குப் பின்னால் ஓர் அறை தருவதாகச் சொன்னார். அம்மாவுக்கு உட்கார்ந்தபடி தக்காளி தரம் பிரிக்கிற வேலையும் உண்டு. அம்மா அசையவில்லை. அடுப்படி மூலையைக் காட்டினாள்.

அது உன் இடம். கல்யாணமாகாமல் போனவள் என்பதால் நீ நம் வீட்டுக் கன்னித் தெய்வம். சுவரில் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்து, வருஷா வருஷம் ஆடியில் பாவாடை தாவணி, வளையல், அதிரசம் எல்லாம் உனக்குப் படைக்கிறோம். கும்பிட்டு முடிந்ததும் அந்தத் துணியைக் கலாதான் உடுத்துவாள்.

"அவள விட்டுட்டு எங்கடா போறது? புது ஆளுங்க வந்து அந்த எடத்துல செருப்பப் போடுவாங்க" என்றாள் அம்மா.

கடைசியில் உன்னையே கேட்பது என்று முடிவானது. உன் முன்னால் வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம் வைத்தோம். வெள்ளை வந்தால் நீ எங்களோடு வருகிறாய் என்று அர்த்தம். இங்கிருந்து ஒரு பிடி மண் எடுத்துப்போய் ரிங்லெட்டில் உனக்கு இடம் வைக்கலாம். சிவப்பு வந்தால் வரமாட்டாய். கலா கண்ணை மூடி ஒன்றை எடுத்தாள். பிரித்தால் சிவப்பு.

என் புரோகிராமில் தப்பு வந்தால் திருத்தி மறுபடி ஓட்டிப் பார்ப்பேன். அந்தப் பழக்கத்தில், "இன்னொரு தடவ பாப்போம்மா" என்று கெஞ்சினேன். சாமியிடம் விளையாடாதே என்று அம்மா அதட்டினாள்.

"அவ வரமாட்டேன்னுட்டா. கலா பேரையே குடுத்துடு."

கலா அழவில்லை. பூவைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அக்காகிட்ட பூப் போட்டுக் கேட்டீங்க. எங்கிட்ட யாராச்சும் கேட்டீங்களா? நான் கூடை மாட்ட மாட்டேன்."

அம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "பெரியவளையும் அன்னைக்கு நான் கேக்கல" என்றாள். சுவரைப் பிடித்து எழுந்து, பாத்திரங்களைச் சாக்கில் போட ஆரம்பித்தாள்.

நாளைக்குக் கிளம்புகிறோம். நீ வரமாட்டேன் என்றதால் அம்மா மண் எடுக்கவில்லை. அக்கா, உயிரோடு இருந்தவரை உன் வாயிலிருந்து 'மாட்டேன்' என்று நான் கேட்டதேயில்லை. இதுதான் முதல் தடவை. அது கோபமா? இத்தனை வருஷமும் மனதில் வைத்திருந்தாயா? என்மேல்தானா? நீ போகாத பள்ளிக்கூடத்துக்கு நான் போனேனே.

நேற்று கலா இரண்டு தடவை இருமினாள். இந்தப் பனியில் இருமாதவர் யார்? ஆனாலும் அடுப்படி மூலையைத் திரும்பிப் பார்த்தேன். நான் கடல் தாண்டிப் போன பிறகு அவளுக்கு ஏதாவது வந்தால் யாரிடம் போய் அழுவேன்? கோபம் இருந்தால் என்மேல் வைத்துக்கொள், அக்கா. அது நியாயம்தான். அவளைத் தொடாதே.

மனம் மாறினால் ரிங்லெட்டுக்கு வா, ஓடிவந்து உனக்கு இடம் வைக்கிறேன். வராவிட்டால் அது உன் இஷ்டம். இனி உன்னை யாரும் எதற்கும் கட்டாயப்படுத்த மாட்டோம். ஆனால், பயந்து நடுங்கிக்கொண்டேதான் இந்தச் சத்தியத்தைச் செய்கிறேன்: உன் பேரை எழுதிய இடத்தில் கலாவின் பேரை எழுத விடமாட்டேன்.

நீ கூடை சுமக்க, புத்தகம் சுமந்த உன் தம்பி,
சேகர்