இலைச் சட்டி

கார்வர், ஒஹாயோ
1976 செப்டம்பர் 20

அன்புள்ள வெர்னா அக்காவுக்கு,

உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துக் குப்பையில் போடாமல் இந்த வரி வரைக்கும் வந்திருந்தால், அதற்கே உனக்கு நன்றி. ஹார்லன் உன்னை விட்டு என்னிடம் வந்த பிறகு நாம் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. மூன்று வருஷம் ஆகப்போகிறது. நான் எழுதுவது ஹார்லனுக்குத் தெரியாது. தெரிந்தால், "அவகிட்டப் போய் எதுக்கு வாயக் குடுக்குற?" என்பார்.

விஷயத்துக்கு வருகிறேன். அக்டோபர் பதினாறாம் தேதி சனிக்கிழமை, வழக்கம்போல இலையுதிர்கால வீடு பார்க்கும் நாள்; அலங்கரித்த வீடுகளை ஊரே கூட்டமாக வந்து பார்க்கும். இந்தத் தடவை நம் வீட்டையும் சேர்த்துவிட்டார்கள். நம் வீடு என்று எழுதியதும் உனக்குப் பற்றிக்கொண்டு வரும், தெரியும். ஹார்லன் வராந்தாத் தூண், கைப்பிடி, ஜன்னல் சட்டம் எல்லாவற்றுக்கும் புதிதாக வெள்ளை அடித்திருக்கிறார். உள்ளே எல்லா ஜன்னலுக்கும் வெள்ளை லேஸ் திரை தைத்துப் போட்டிருக்கிறேன்.

இந்த ஊர்ப் பெண்கள் எனக்கு முகம் கொடுப்பதில்லை. மளிகைக் கடையில் என்னைப் பார்த்தால் மாவு மூட்டையில் எழுதியிருப்பதைப் படிக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். வீடு பார்க்கும் குழுவுக்குத் தலைவி இப்போதும் மிசஸ் க்ரூகர்தான். பெயர் எழுதிக்கொள்ள வந்தவள் வாசற்படி ஏறாமல் நின்றபடியே, "வெர்னா இருந்தப்ப இந்த வராந்தா முழுக்கக் காகித இலையாத் தொங்கும். அத மாதிரி இனி எங்க பார்க்கப் போறோம்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அந்த இலைத் தோரணம் எப்படிச் செய்வாய் அக்கா? சொல்லிக்கொடுப்பாயா? அந்த ஒரு நாள் மானமாகப் போய்விட்டால் இந்த ஊரில் நானும் ஒரு மனுஷியாக நடமாடுவேன். நவம்பரில் நன்றி நாள் விருந்துக்கு நீயும் வர வேண்டும் என்று ஆசை. உனக்கு ஒரு தட்டு வைப்பேன். வருவதும் வராததும் உன் இஷ்டம்.

உன் தங்கை,
லொரெட்டா


டெல்டன்
செப்டம்பர் 25

லொரெட்டாவுக்கு,

கிழிக்கவில்லை. துணிக்கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டு ஊராருக்கு அளந்து வெட்டுகிறவள் நான். வீட்டுக்கு வந்தும் கிழிக்கக் கைக்குத் தெம்பில்லை.

வீட்டை எடுத்துக்கொண்டாய். புருஷனை எடுத்துக்கொண்டாய். இப்போது இலையும் வேண்டும் என்கிறாய். ஆனால் ஒன்று, என்னிடம் நீ கேட்டு எடுத்துக்கொள்வது இதுதான் முதல் தடவை. அதற்காகவே சொல்லித் தருகிறேன்.

முதலில் பரங்கிக்காய். கடையில் சாமான் போட்டுத் தரும் பழுப்புக் காகிதப் பையை விரல் அகலத்துக்கு நீள நீளமாக வெட்டு. எல்லாவற்றையும் சக்கரத்துக் கம்பி மாதிரி நடுவில் ஒட்டி, நுனிகளை மேலே வளைத்துக் கொண்டுவந்து ஒன்றாகக் குண்டூசியால் குத்து. குண்டாக நிற்கும். காம்புக்கு ஒரு சுள்ளி. இது குழந்தை வேலை, உனக்கும் வரும்.

இனி இலை. சுருக்கம் சுருக்கமாக மெல்லிசாக இருக்குமே, அந்தக் கிரேப் காகிதம் வாங்கு, வேறு எதுவும் வேண்டாம். அதிலும் இருப்பதிலேயே கருஞ்சிவப்பாக வாங்கு. ஆரஞ்சு, மஞ்சள் பக்கம் போகாதே, வெளிறித் தெரியும். இரண்டாக மடித்து, மடிப்புப் பக்கத்தைக் கையில் பிடித்துக்கொண்டு பாதி மேப்பிள் இலையை வெட்டு. விரித்தால் முழு இலை. மடிப்புப் பக்கம் கத்தரி பட்டால் இரண்டு துண்டாகக் கையோடு வந்துவிடும், ஜாக்கிரதை. ஓரத்தைக் கட்டைவிரலால் இழுத்து நெளி விடு, பிறகு நூலில் கோத்துக்கொள்.

காற்றில் ஆடும்படி தொங்கவிடாதே. தூணிலும் கைப்பிடியிலும் அப்படியே படியும்படி ஒட்டிவிடு. ஜன்னல் திரை மேலும் குத்து. புது வெள்ளை அடித்திருக்கிறாய் அல்லவா, வெள்ளையும் சிவப்பும் சேர்ந்தால் பார்த்தவர்கள் ஆயுசுக்கும் மறக்க மாட்டார்கள்.

எனக்குத் தட்டு வைக்க வேண்டாம். அந்தத் தட்டுகளை வாங்கியவளே நான்தான்.

வெர்னா


கார்வர்
அக்டோபர் 3

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. சமையல் மேடையில் மாவு டப்பாவின் மேல் சாய்த்து வைத்துக்கொண்டு, பார்த்துப் பார்த்துச் செய்கிறேன். பரங்கிக்காய் முதலில் நசுங்கிய தொப்பி மாதிரி வந்தது. இப்போது ஒரு கூடை நிறையச் செய்துவிட்டேன், பரவாயில்லை. இலைதான் படுத்துகிறது. மடிப்புப் பக்கத்தையே வெட்டி எல்லாம் பாதி பாதி இலையாக விழுந்தது. நீதான் சொன்னாயே, எனக்கு எங்கே தலையில் ஏறுகிறது. இப்போது வருகிறது.

காகிதம் நீ சொன்ன அதே கருஞ்சிவப்பு. ஹார்லன் அதைப் பார்த்துவிட்டு, "கல்யாணத்துக்கே பழுப்புக் கோட்டும் பாவாடையுமா வந்து நின்னவ, இன்சூரன்ஸ் விக்க வந்த மாதிரி. அவளா இவ்வளவு செவப்பச் சொன்னா?" என்று சிரித்தார். ஆமாம், இப்போது அவருக்கும் தெரியும். நீ பதில் எழுதிய சந்தோஷத்தில் நானே உளறிவிட்டேன்.

ஒன்று கேட்க வேண்டும். அலமாரியின் பின்பக்கம் ஒரு சின்னச் சட்டி கிடக்கிறது. அடியில் மெழுகு அப்பிக் கெட்டியாக இருக்கிறது. வந்த நாளிலிருந்து சுரண்டிப் பார்க்கிறேன், போகவில்லை. தூக்கிப் போடலாம் என்று எடுத்தால் ஹார்லன், "அது வெர்னாவோட இலைச் சட்டி, அங்கயே இருக்கட்டும்" என்கிறார். இலைச் சட்டி என்றால் என்ன என்று கேட்டால், "எனக்கென்ன தெரியும், நான் சாப்பிட மட்டும்தான் சமையல்கட்டுக்கு வருவேன்" என்கிறார். இலைக்கும் இந்தச் சட்டிக்கும் என்ன சம்பந்தம் அக்கா? நீ எழுதியதில் ஏதாவது விட்டுப்போயிருக்கிறதா? எதுவாக இருந்தாலும் எழுது. அடுத்த சனிக்கிழமைக்குள் சொன்னால் கூடப் போதும், செய்துவிடுவேன்.

அன்புடன்,
லொரெட்டா


டெல்டன்
அக்டோபர் 7

லொரெட்டாவுக்கு,

அந்தச் சட்டி ஜாம் புட்டிக்கு மெழுகு உருக்கி ஊற்றி மூடுவதற்கு வைத்திருந்தது. இலைக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஹார்லனுக்கு இலையும் தெரியாது, ஜாமும் தெரியாது. அவர் சொல்வதை நம்பி வீடு விட்டு வீடு வந்தவள் நீ, உனக்கு நான் சொல்ல வேண்டுமா?

நான் எதையும் விடவில்லை. எழுதியபடியே செய்.

ஒன்று மட்டும் சேர்த்துக்கொள். சனிக்கிழமை காலையில், ஆட்கள் வருவதற்குக் கொஞ்சம் முன்னால், இலைகள் மேல் தண்ணீர் தெளித்துவிடு. இஸ்திரி போடத் துணிக்குத் தெளிப்போமே, அதைப் போல. அப்போதுதான் மரத்திலிருந்து இப்போதே பறித்துவந்த மாதிரி, பனி படிந்தாற்போலப் பளபளப்பாக இருக்கும். கையைச் சுருக்காதே, தாராளமாகத் தெளி.

மிசஸ் க்ரூகருக்கு என் அன்பைச் சொல். அவளும் ஊர்ப் பெண்களும் இன்னும் மாதம் தவறாமல் சுட்ட ஆப்பிள் பை பலகாரமும் கையுமாக என்னைப் பார்க்க வருகிறார்கள். அடுத்த மாதம் தேவாலயச் சந்தைக்கும் நான் வருவேன். கைவேலை மேஜையில் என் நாற்காலி எனக்காகக் காத்திருக்கிறது என்று சொல்லியிருக்கிறார்கள். நீ என்னிடமிருந்து கொண்டுபோக முடியாத ஒன்று இருக்கிறது பார்.

வெர்னா


கார்வர்
அக்டோபர் 18

அக்காவுக்கு,

எழுதியபடியே செய்தேன். ஒரு வார்த்தை பிசகவில்லை. தூணில் ஒட்டினேன், கைப்பிடியில் ஒட்டினேன், திரையில் குத்தினேன். சனிக்கிழமை காலையில் தாராளமாகத் தண்ணீர் தெளித்தேன். போதாக்குறைக்குத் தூறலும் வந்தது. மிசஸ் க்ரூகர் கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றபோது தூணெல்லாம் சிவப்பாக வழிந்துகொண்டிருந்தது. கைப்பிடியில் கோடு கோடாக இறங்கிப் படியில் தேங்கி நின்றது. வராந்தாவில் பன்றி அறுத்த மாதிரி. லேஸ் திரை எதற்கும் ஆகாது.

ஆனால் அவர்கள் முதலில் பார்த்தது அதை அல்ல. வாசற்கதவில் ஒரு பலகை மாட்டியிருந்தேன். "எல்லாம் என் அக்கா வெர்னா சொல்லிக்கொடுத்தபடி." அதன் கீழே உன் இரண்டு கடிதங்களையும் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தேன்.

மிசஸ் க்ரூகர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஒரு வரி விடாமல் படித்தாள். முடித்துவிட்டு, "மெழுகு எங்கம்மா? வெர்னா மெழுகுல தோய்க்காம ஒரு இலையக்கூட வெளிய மாட்ட மாட்டாளே! நானே பக்கத்துல நின்னு எடுத்துக் குடுத்திருக்கேன்" என்றாள். நான் உள்ளே போய் அந்தச் சட்டியை எடுத்துவந்து அவள் கையில் கொடுத்தேன். "ஜாமுக்குன்னு எழுதியிருக்கா, படிச்சீங்கல்ல?" என்றேன். சட்டியின் ஓரத்தில் ஒரு துளி சிவப்புக் காகிதம் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"அடிப்பாவி! கூடப் பொறந்தவளுக்கா இத செஞ்சா? இவளுக்கா நான் மாசா மாசம் பை சுட்டு எடுத்துட்டுப் போனேன்?" அது மிசஸ் க்ரூகர் சொன்னது. மற்றவர்கள் சொன்னதை நான் எழுதவில்லை.

கிரேப் காகிதம் சாயம் விடும் என்று எனக்குத் தெரியாது என்றா நினைத்தாய்? பள்ளிக்கூடக் கால்பந்து விழா ஊர்வலத்துக்கு ராணியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டு அலங்கார வண்டி மேல் உட்கார்ந்து போனவள் நான். வண்டி முழுக்கச் சிவப்புக் கிரேப் காகிதம். பாதி வழியில் கொட்டோ கொட்டென்று மழை. அம்மாவின் அலமாரியில் கிடந்த ஏதோ பழைய வெள்ளைக் கவுனை எடுத்துப் போட்டிருந்தேன். கழுத்து வரைக்கும் சாயம் ஏறி, வீட்டுக்கு வந்து கண்ணாடியைப் பார்த்து நானே விழுந்து விழுந்து சிரித்தேன். அதை நீ மறந்துவிட்டாய்.

உன் முதல் கடிதத்திலேயே புரிந்தது. இருந்தாலும் அக்காவாயிற்றே, மறந்திருப்பாள் என்று சட்டியைப் பற்றிக் கேட்டு எழுதினேன். மெழுகு என்று ஒரு வார்த்தை எழுதியிருந்தால் எல்லாவற்றையும் தோய்த்து மாட்டியிருப்பேன், நன்றி நாளுக்கு உன் வீட்டு வாசலில் வந்து நின்று கையைப் பிடித்து அழைத்துப்போயிருப்பேன். நீ ஜாம் என்று எழுதினாய்.

அன்றைக்கு முதல் தடவையாக அவர்கள் எல்லோரும் படியேறி உள்ளே வந்தார்கள். என் சமையல்கட்டில் உட்கார்ந்து சூடாக ஆப்பிள் சாறு குடித்தார்கள். ஒருத்தி திரையை ஊறவைத்துப் பார்க்கிறேன் என்று எடுத்துக்கொண்டு போனாள். சந்தையில் கைவேலை மேஜையை இந்த வருஷம் என்னைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். உன் நாற்காலியில்தான் உட்காரப்போகிறேன். கொண்டுபோக முடியாது என்று எழுதினாயே.

லொரெட்டா


டெல்டன்
நவம்பர் 2

லொரெட்டாவுக்கு,

மிசஸ் க்ரூகர் வரவில்லை. யாரும் வரவில்லை. நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்.

நான் மன்னிப்புக் கேட்க எழுதவில்லை. உன் வெள்ளைத் தூணில் சிவப்பு வழிந்தது என்று படித்தபோது எனக்கு வயிறு குளிர்ந்தது. இன்னும் குளிர்ந்துகொண்டுதான் இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஊர்வலத்தை நான் மறந்துவிட்டேன் என்கிறாய். அடியே, அதை நினைத்துத்தான் கிரேப் காகிதம் என்று எழுதினேன். மறந்திருப்பவள் நீயாக இருப்பாய் என்று நினைத்தேன். கெடுத்ததை நீ என்றைக்கு நினைவு வைத்திருக்கிறாய்?

ஏதோ பழைய வெள்ளைக் கவுன் என்று எழுதியிருக்கிறாய். அலமாரியின் மேல்தட்டில் நீலக் காகிதத்தில் சுற்றி வைத்திருந்தேனே, பழைய துணியை யாராவது நீலக் காகிதத்தில் சுற்றுவார்களா? வெள்ளை பழுப்பேறாமல் இருக்க அப்படிச் சுற்றுவார்கள். அந்தக் கோடை முழுக்க அம்மாவின் மிஷினில் உட்கார்ந்து நான் தைத்த கல்யாண கவுன் அது. நீ ஊர்வலம் போனது அக்டோபரில். என் கல்யாணம் நவம்பரில். இன்னொன்று தைக்கத் துணியும் இல்லை, நாளும் இல்லை.

அம்மா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "சின்னவ, தெரியாமப் பண்ணிட்டா. அவகிட்ட ஒரு வார்த்த கேக்கக் கூடாது. ராணியானேன்னு எவ்வளவு சந்தோஷமா இருக்கா பாரு. எனக்குச் சத்தியம் பண்ணிக் குடு" என்றாள். பண்ணிக் கொடுத்தேன். நீ சிரித்தாய், நானும் உன்னோடு நின்று சிரித்தேன். பக்கத்து வீட்டில் ஒரு பழுப்புக் கோட்டையும் பாவாடையையும் இரவல் வாங்கிக்கொண்டு தேவாலயத்துக்குப் போனேன். ஏன் வெள்ளை போடவில்லை என்று ஹார்லன் கேட்டார். பழுப்புதான் பிடிக்கும் என்றேன். இத்தனை வருஷமாக அதைச் சொல்லிச் சிரிக்கிறார். இப்போது நீயும் சேர்ந்து சிரிக்கிறாய்.

அம்மா போய்விட்டாள். சத்தியமும் அவளோடு போகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

இத்துடன் வரும் பார்சலில் அந்தக் கவுன் இருக்கிறது. வீட்டை விட்டு வரும்போது நான் எடுத்துவந்தது இது ஒன்றைத்தான். ஹார்லனிடம் காட்டு, இதைப் பார்த்த பிறகும் இன்சூரன்ஸ் விற்க வந்தவள் என்று சிரிப்பாரா பார்ப்போம். மிசஸ் க்ரூகரிடமும் காட்டு. என் கடிதங்களைக் கண்ணாடி போட்டுக் கதவில் மாட்டினாயே, அதே ஆணியில் மாட்டு.

நீ தைத்த லேஸ் திரையை யாரோ ஊறவைக்க எடுத்துப்போனதாக எழுதியிருக்கிறாய். வீண் வேலை என்று அவளிடம் சொல். உப்பு போட்டுப் பார்த்தேன், எலுமிச்சை போட்டுப் பார்த்தேன், வெயிலில் பனியில் எல்லாம் போட்டுப் பார்த்தேன். அது போகாது லொரெட்டா.

வெர்னா