லுங்கியில் இருக்கும் படம்

என் ராசா, என் கதிருக்கு,

முதலில் வீட்டு நல்ல சேதிகளைச் சொல்லிவிடுகிறேன். உன் தங்கச்சி தேன்மொழி நர்சு படிப்பை முடித்துவிட்டாள். கோரிமேட்டுப் பெரிய ஆஸ்பத்திரியில் வேலை. வெளியூரிலிருந்து பஸ் பிடித்து வருகிற கிழவிகள் எல்லாம் அவளைத்தான் தேடுகிறார்களாம். உன் சித்தப்பா மகன் தினேசு கப்பல் இஞ்சின் படிப்பில் சேர்ந்துவிட்டான். அவன் தங்கச்சி குட்டி யாழினி பிரெஞ்சுப் பாட்டு ஒப்பித்து ஒரு கோப்பை வாங்கி வந்தாள். அதில்தான் தண்ணீர் குடிக்கிறாள், கழுவக்கூடக் கொடுக்க மாட்டேன் என்கிறாள்.

பெரிய மார்க்கெட்டில் மீன்காரி செல்வியிடம் இதையெல்லாம் சொன்னேன். "ஆயா, நீ மீன் வாங்க வந்தியா, பேரப்புள்ளைங்க பெருமைய விக்க வந்தியா?" என்றாள். எப்போதும் கேட்கிற கேலிதான். முன்பெல்லாம் உன்னில் ஆரம்பித்துத்தான் மற்றவர்களுக்கு வருவேன். இப்போது உன் தங்கச்சியில் ஆரம்பிக்கிறேன். செல்விக்கு அது தெரியும். பேச்சை அதோடு நிறுத்திக்கொண்டு, சங்கரா மீன் ஒன்றைக் கூடப் போட்டாள்.

கதவைத் திறந்ததும் தெரிகிற சுவரில் உன் தாத்தா படமும் உன் படமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக இருந்தவர். தெருவில் நம் வீட்டுக்கு இன்றைக்கும் சொல்தா வீடு என்றுதான் பேர். அவர் வழியாக வந்த பிரெஞ்சுக் குடியுரிமையில்தான் நீயும் அதே பட்டாளத்துக்குப் போனாய். சொல்தா வீட்டுச் சுவரில் உடுப்புப் போட்ட படம்தான் மாட்டுவது. தாத்தா படத்தில் மாலை இருக்கிறது. உன் படத்தில் இல்லை. நீ போய் மூன்று வருடம் ஆகப்போகிறது.

மனசு ஆறாமல்தான் நான் மாலை போடவில்லை என்று எல்லாரும் நினைக்கிறார்கள். உன் அப்பாவும் அப்படித்தான். "போட்டுடும்மா. போனவன் போய்ட்டான். இந்தத் தெவசத்துக்காவது போட்டுடு" என்கிறான். போனவன் போய்விட்டான் என்று எனக்குத் தெரியாதா? கருவடிக்குப்பம் சுடுகாட்டுக்கு உன்னை அனுப்பி வைத்தவள்தானே நான்.

காரணம் அது இல்லை. அந்தப் படத்தில் தொப்பி நிழல் உன் கண்ணில் விழுந்திருக்கிறது. வாயை இறுக்கி மூடியிருக்கிறாய். மேல்வரிசையில் ஒரு பல் கொஞ்சம் முன்னால் துருத்திக்கொண்டிருக்குமே, அது தெரியவில்லை. அந்தப் படத்துக்கு மாலை போட்டால், வேறு யார் வீட்டுப் பிள்ளைக்கோ படைக்கிற மாதிரி இருக்கும்.

ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் ரோந்து வண்டி கவிழ்ந்தது என்றார்கள். பிறகு பெட்டி வந்தது. கூட வந்த பிரெஞ்சு அதிகாரி, திறக்கக் கூடாது என்றார். "மொகத்த மட்டும் காட்டச் சொல்லுடி" என்று உன் அம்மா தேன்மொழியைப் பிடித்து உலுக்கினாள். அதிகாரி தலையைக் குனிந்துகொண்டார். வாய்க்கரிசி போட வேண்டும், எந்தப் பக்கம் தலை என்றுகூட எங்களுக்குத் தெரியவில்லை. தேன்மொழிதான் அவரிடம் பிரெஞ்சில் கேட்டு, "இந்தப் பக்கம் ஆயா" என்று காட்டினாள். பெட்டி மேல் அரிசி போட்டோம். மழமழவென்று இருந்த பலகையில் அரிசி நிற்கவில்லை. வழுக்கி வழுக்கி விழுந்தது. நான் பொறுக்கிப் பொறுக்கிப் போட்டேன்.

நீ அங்கே போன புதிதில் எத்தனை படம் அனுப்பினாய்! பந்து விளையாடுகிற படம், ஒட்டகத்துக்குப் பக்கத்தில் பல்லைக் காட்டுகிற படம். "இத யாருகிட்டடா காட்டுறது? சொல்தா உடுப்புல எடுத்து அனுப்பு" என்று போனில் சொன்னேன். "ஆயா, ஒனக்குப் பேரன் வேணுமா, உடுப்பு வேணுமா?" என்று சிரித்தாய். "ரெண்டும்தான்டா" என்றேன். அதன் பிறகு உடுப்புப் படம் மட்டுமே வந்தது. வீட்டுப் போனில் இடமில்லை என்று தேன்மொழி சொன்னபோது, "மத்தத அழிச்சிடு" என்றவளும் நான்தான். உன் போனோ வண்டியோடு போய்விட்டது. வீட்டில் மிச்சம் இருப்பது நீ பள்ளிக்கூடம் போன வயசுப் படங்கள்தான். ஏன் ராசா, ஒரு நாளாவது என்னிடம் கோபித்துக்கொண்டிருக்கக் கூடாதா?

போன வாரம் உன்னோடு அங்கே இருந்த பிரவீன் வந்தான். அவனும் நம் ஊர்ப் பிள்ளைதானே, லீவில் வந்திருந்தான். சுவரையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"இந்தப் படத்த நான்தான் எடுத்தேன் ஆயா. அன்னிக்கு என்னா வெயிலு தெரியுமா? சட்டையத் தேச்சி மாட்டிக்கிட்டு நிக்கிறான், வேர்வையில நனைஞ்சி போவுது. போதும் வாடான்னா கேக்கல. 'எங்க ஆயா மாட்டி வைக்கிற படம்டா, ஒழுங்கா எடு'ன்னு இன்னொரு சட்டைய மாத்திக்கிட்டு வந்து நின்னான்."

நான் சுவரைப் பார்க்கவில்லை. "அவன் சிரிக்கிற மாதிரி படம் எதுனா வச்சிருக்கியாப்பா?" என்று கேட்டேன்.

"ஒண்ணு இருக்கு ஆயா. டப்பா மீன்ல எல்லாருக்கும் கொழம்பு வச்சான் ஒரு நாளு. கரண்டியும் கையுமா சிரிச்சிக்கிட்டு நிப்பான். பழைய போன்ல இருக்கு, பிரான்சுல ரூம்ல கெடக்குது." கொஞ்சம் தயங்கினான். "ஆனா அதுல லுங்கியில இருக்கான் ஆயா. பரவால்லையா?"

கேட்டாயா ராசா? யாரோ பெற்ற பிள்ளை என்னிடம் உத்தரவு கேட்கிறது. அங்கே என்னைப் பற்றி என்ன சொல்லி வைத்திருந்தாய்? சிரித்துக்கொண்டு சொன்னாயா, மனசு விட்டுப்போய்ச் சொன்னாயா?

"பரவால்ல" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன். அதை அவன் எப்படி எடுத்துக்கொண்டானோ, மறுநாள் விமானம் ஏறிவிட்டான். அவன் போன் நம்பரையும் வாங்கி வைக்கவில்லை. அதனால்தான் இதை எழுதி, எல்லாரும் பார்க்கிற மாதிரி பேஸ்புக்கில் போடச் சொல்லித் தேன்மொழியிடம் கொடுக்கிறேன். அஞ்சாவதோடு நின்றவள் எழுத்து. பிழையைத் திருத்திக்கொள், நான் சொன்னதைத் திருத்தாதே என்று அவளிடம் சொல்லிவிட்டேன்.

பிரவீனு, இதைப் பார்த்தால் கேளப்பா. பரவாயில்லை. லுங்கியோடவே அனுப்பு. அழுக்குப் பனியனாக இருந்தாலும் அனுப்பு. கதிரோடு வேலை பார்த்த மற்ற பிள்ளைகள் யாரிடமாவது இருந்தாலும் போடச் சொல்லு.

கதிரு, தெவசத்துக்குள் அந்தப் படம் வந்துவிட்டால், கண்ணாடி போட்டுத் தாத்தா பக்கத்தில் மாட்டுவேன். மாலை அதற்குத்தான். தாமதமாக வந்தால் மாலையும் தாமதமாகட்டும், உன் அப்பா என்ன சொன்னாலும் சரி. அன்றைக்கு டப்பா மீன் வாங்கிக் குழம்பு வைத்து, ஒரு வாய் சோறு பிசைந்து, பல் தெரிகிற உன் வாயில் வைப்பேன். எந்தப் பக்கம் என்று இந்தத் தடவை யாரையும் கேட்க வேண்டியதில்லை.

இப்படிக்கு,
உன் அப்பனைப் பெற்ற,
உன்னைத் தூக்கி வளர்த்த ஆயா