பருத்திமார் நெருப்பில் சுட்ட ரொட்டி

இன்று மத்தியானம் எதிர் மனையிலிருந்து அந்த வாசனை வந்தது. கட்டட வேலைக்கு வந்திருக்கும் வடநாட்டுப் பிள்ளைகள் செங்கல்லை அடுக்கி, சாரத்துக் குச்சிகளை எரித்து ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார்கள். கோதுமை மாவு நெருப்பில் லேசாகக் கருகும்போது வருமே, அந்த வாசனை. துணி காயப்போட மாடிக்குப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். கீழே ஒருவன் உருண்டையை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே மாற்றி மாற்றித் தட்டிக்கொண்டிருந்தான். பட், பட், பட் என்று சத்தம். நீ போய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. உனக்கு எழுத வேண்டும் என்று தோன்றியது. நீ உயிரோடு இருந்தபோது உனக்கு நான் ஒரு வரி எழுதியதில்லை. எழுதியிருந்தாலும் உனக்குத் தமிழ் படிக்கத் தெரியாது.

என் கொழுந்தனார் பட்டாளத்திலிருந்து லீவில் வந்தபோது உன்னைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தார். எழுபதுகளின் நடுவில், நம் வீடு பெரம்பலூர் - அரியலூர் ரோட்டின் ஓரத்தில் இருந்த காலம். வடக்கே அம்பாலாவில் பட்டாளத்துக்காரர்களுக்குச் சட்டை தைத்துக் கொடுத்த தையல்காரரின் மகள் நீ. அங்கேயே தாலி கட்டிவிட்டு, இங்கே வந்துதான் சொன்னார். அத்தை நடுக்கூடத்தில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார். மாமா திண்ணைக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். நீ முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, டிரங்குப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றாய். உனக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. ஆனால் எல்லாம் புரிந்துதான் இருந்தது.

லீவு முடிந்து அவர் எல்லைக்குப் போனார். நீ எங்களோடு இருந்தாய். அத்தை போட்ட சட்டம் ஒன்றுதான். "அவ எந்த சாதியோ, என்ன குலமோ. தண்ணி எடுக்கட்டும், மாட்டுக் கொட்டாயைக் கூட்டட்டும், காட்டுக்குப் போவட்டும். அடுப்படிக்கு மட்டும் வரக் கூடாது." உன் தட்டில் சோற்றைப் போட்டு நான்தான் கொண்டுவந்து கொடுப்பேன். நீ ஒரு பருக்கையையும் மிச்சம் வைக்காமல் சாப்பிடுவாய். சோறு உனக்குப் பழக்கமில்லை என்று கண்ணைப் பார்த்தாலே தெரியும். காட்டில் பருத்தி எடுத்து ஓயும்போது, உன் விரல்கள் சும்மா இருக்காமல் களிமண்ணை உருட்டி உருட்டித் தட்டுவதை நான் பார்த்திருக்கிறேன்.

அப்போது ரேஷனில் அரிசியோடு கோதுமையும் போடுவார்கள். அதை என்ன செய்வதென்று நம் தெருவில் யாருக்கும் தெரியாது. கஞ்சி காய்ச்சுவார்கள், இல்லாவிட்டால் கோழிக்கு இறைப்பார்கள். நீ அதைப் பொறுக்கிப் புடைத்து, டவுனுக்குப் போகும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக மில்லில் அரைத்து, டிரங்குப் பெட்டியில் சேர்த்து வைத்தாய். புருஷன் லீவில் வரும்போது எப்படியாவது அவருக்குச் சுட்டுக் கொடுக்கலாம் என்ற எண்ணம். சாடையில் எனக்குச் சொன்னாய். நான் யாரிடமும் சொல்லவில்லை.

அந்த ஐப்பசியில் மழை விடாமல் பிடித்துக்கொண்டது. ஒருநாள் பொழுது சாயும் நேரத்தில், மருதையாற்றுத் தரைப்பாலத்தின் மேல் வெள்ளம் ஏறிவிட்டது. அரியலூரிலிருந்து வந்த பஸ் பாலத்தைத் தாண்ட முடியாமல் இக்கரையிலேயே நின்றது. திரும்பிப் போகலாம் என்றால் பின்னால் இருந்த ஓடையும் ரோட்டை அறுத்துக்கொண்டது. ஒரு பஸ் ஜனமும் நனைந்துகொண்டே நம் வீட்டை நோக்கி வந்தது. ரோட்டோரத்தில் முதல் வீடு நம்முடையதுதானே. கல்லங்குறிச்சிப் பெருமாளைச் சேவித்துவிட்டுத் திரும்பிய ஒரு வயதான தம்பதி, கைக்குழந்தைக்காரிகள், சந்தைக்குப் போய் வந்தவர்கள், டிரைவர், கண்டக்டர். கூடத்திலும் களத்துக் கொட்டகையிலும் ஆட்கள் நிறைந்துவிட்டார்கள்.

மாமா சொன்னார்: "வூடு தேடி வந்த சனம். வெறும் வயித்தோட படுக்க வைக்கக் கூடாது. ஒலையை வையி."

அத்தை பெரிய குண்டானை ஏற்றினார். விறகு முழுக்க ஈரம். ஊதினால் புகைதான் வந்தது. நானும் அத்தையும் மாறி மாறி ஊதி, கண்ணெல்லாம் சிவந்து, மூக்கு ஒழுகியதுதான் மிச்சம். தண்ணீர் வெதுவெதுப்பாகக்கூட ஆகவில்லை. கூடத்தில் ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது. அதைக் கேட்டு இன்னொன்று. பிறகு எல்லாக் குழந்தைகளும். அத்தை ஊதாங்குழலைத் தரையில் போட்டுவிட்டு, "மானம் போவுது, என்னாடி பண்ணுறது?" என்று என்னைப் பார்த்தார்.

அப்போதுதான் நீ வந்தாய். பரண் மேல் நனையாமல் கிடந்த பருத்திமார்க் கட்டு ஒன்று உன் இடுப்பில் இருந்தது. இன்னொரு கையில் உன் மாவு மூட்டை. பருத்திமார் வெறும் காய்ந்த செடிக் குச்சி, சோறாக்க உதவாது. குபீரென்று எரிந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே சாம்பலாகிவிடும். பெரிய உலை கொதிப்பதற்குள் வண்டி வண்டியாக வேண்டியிருக்கும். அதனால்தான் எங்கள் யாருக்கும் அது நினைவுக்கே வரவில்லை. நீ அடுப்படி வாசலில் நின்றாய். உள்ளே கால் வைக்கவில்லை.

"அத்தே," என்றாய். "நான். சீக்கிரம்."

உனக்கு அவ்வளவுதான் தமிழ் வந்தது. அத்தை உன்னைப் பார்த்தார். மாவைப் பார்த்தார். கூடத்தில் குழந்தைகள் அழுதுகொண்டே இருந்தன. வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, அடுப்புக்கு எதிரே இருந்த இடத்தை விட்டு நகர்ந்து நின்றார்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். சொல்லும்போதெல்லாம் எனக்கே நம்ப முடியாமல் இருக்கும். நீ தாம்பாளத்தில் மாவைக் கொட்டினாய். உப்பு, தண்ணீர். வேறெதுவும் இல்லை. எண்ணெய் இல்லை, பலகை இல்லை, கட்டை இல்லை. முழங்கை வரை இறங்கிப் பிசைந்தாய். ஈரத்துணியைப் போட்டு மூடிவிட்டு, அந்த நேரத்தில் குண்டானை இறக்கி, தோசைக்கல்லை ஏற்றி, பருத்திமாரை ஒடித்து வைத்துத் தீ மூட்டினாய். அது சடசடவென்று பிடித்துக்கொண்டது. புகை அடைத்துக் கிடந்த அடுப்படி முழுக்க வெளிச்சம்.

பிறகு உன் கைகள். ஒரு உருண்டையைக் கிள்ளி எடுத்து, இந்த உள்ளங்கையிலிருந்து அந்த உள்ளங்கைக்கு வீசினாய். பட், பட், பட். ஒவ்வொரு தட்டுக்கும் அது அகன்றது. கீழே எதுவும் இல்லாமல், ஆகாசத்தில் ஒரு வட்டம் வளர்ந்துகொண்டே வந்தது. கல்லில் போட்டாய், புரட்டினாய். அடுத்ததைத் தட்டிக்கொண்டே முதலாவதை விரலால் எடுத்துக் கல்லுக்குப் பக்கத்தில் எழும்பிய தீயில் நேராகப் போட்டாய். ஐயோ கருகப் போகிறதே என்று நான் கை நீட்டினேன். அது உப்பியது. மூச்சு இழுத்ததுபோல் ஒரு ஓரத்தில் எழும்பி, அப்படியே முழுசாக, பந்தாக நின்றது. நீ எடுத்துக் கையால் தட்டினாய். ஆவி புஸ்ஸென்று வெளியே வந்தது. அதற்குள் அடுத்தது கல்லில்.

தட்டும் சத்தம் கேட்டுக் கூடத்து ஜனம் ஒவ்வொருவராக எழுந்து வந்தது. நீ வாசலைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. முக்காடு நழுவித் தோளில் கிடந்தது. மழைச் சத்தத்துக்கு மேல் உன் கைச் சத்தம் கேட்டது. குழந்தைகள் அழுகையை நிறுத்திவிட்டு, ஒவ்வொன்று உப்பும்போதும் "ஓ" என்று கத்தின. நான் சின்ன வெங்காயத்தையும் மிளகாயையும் உப்போடு நசுக்கினேன். பிள்ளைகளுக்கு வெல்லம். சுடச்சுட, கை மாற்றிக் கை மாற்றி, கூடத்தின் கடைசி வரைக்கும் ரொட்டி போனது. சாப்பாட்டுக்குக் காத்திருந்தவர்கள் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எப்போது தொடங்கியது, எப்போது பசி தீர்ந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

கோயிலுக்குப் போய் வந்த பெரியவர் தன் பங்கைக் கையில் வைத்துக்கொண்டு, "ஊதாமலே உப்புதே, இது என்னா மாயம்?" என்றார். அவர் சம்சாரம் அத்தையிடம் கேட்டார்: "யாரும்மா இந்தப் பொண்ணு? பாத்தா நம்ம பக்கம் மாதிரி தெரியலையே?"

அத்தை உன் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க சின்ன மருமவ," என்றார். "பட்டாளத்துக்காரன் பொண்டாட்டி."

நீ திரும்பினாய். அந்த வார்த்தைகள் உனக்குப் புரிந்திருக்காது. குரல் புரிந்திருக்கும்.

புருஷனுக்கென்று சேர்த்து வைத்த மாவு முழுதும் அன்றோடு தீர்ந்தது. மறுநாள் வெள்ளம் வடிந்து, பஸ் ஜனம் கும்பிட்டுவிட்டுப் போன பிறகு, நீ வழக்கம்போல் மாட்டுக் கொட்டகைக்கு விளக்குமாற்றை எடுத்தாய். அத்தை உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்: "அதைப் பெரியவ பாத்துக்குவா. நீ வந்து அடுப்பைப் பத்த வையி."

எல்லாம் அன்றோடு சரியாகிவிட்டது என்று சொன்னால் நீயே சிரிப்பாய். அத்தை அத்தைதான். உப்பு கூடினால் உன்னைத்தான் திட்டுவார். நீயும் தமிழ் கற்றுக்கொண்டு பதிலுக்குத் திட்டுவாய். உன் வாயில் 'ழ' வரவே வராது. "கொயம்பு வச்சாச்சு அத்தே" என்பாய். அவரும் உன்னோடு சேர்ந்து கொயம்பு என்றே சொல்ல ஆரம்பித்தார். கொழுந்தனார் பட்டாளத்தை விட்டு வந்து சிமெண்டு ஆலையில் வேலைக்குச் சேர்ந்தார். உனக்குப் பிள்ளைகள் பிறந்தார்கள். ஊருக்கு ஒருமுறை போய் வரவேண்டும் என்று வருஷா வருஷம் சொல்வாய். ஒவ்வொரு வருஷமும் அறுவடை, பிரசவம், காய்ச்சல் என்று ஏதாவது வரும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் அந்தத் தந்தி வந்தது. தபால்காரரே பிரித்துப் படித்துச் சொன்னார். உன் அம்மா போய்விட்டார். ரயில் பிடித்து நீ போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். நீ சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாய். அழவில்லை. அதுதான் எங்களுக்குப் பயமாக இருந்தது. தெருப் பெண்கள் துக்கம் கேட்க வந்து, யாருக்காக அழுவது, எப்படி அழுவது என்று தெரியாமல் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பார்க்காத முகம், தெரியாத ஊர்.

அத்தை உனக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். "உங்கம்மா பேரு என்னா தாயி?" என்று கேட்டார்.

அத்தனை வருஷத்தில் நாங்கள் யாரும் அதைக் கேட்டதில்லை. நீ சொன்னாய். வடநாட்டுப் பேர். அத்தைக்கு வாயில் நுழையவில்லை. இரண்டு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு உன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, அந்தப் பெயரை முதலில் வைத்து ஒப்பாரி எடுத்தார். "எம்பொறப்பே, உன் மொகத்தை நான் பாக்கலியே, உன் மவளை எங்கிட்ட தந்துட்டு, ஊரு தெரியாத ஊருல கண்ணை மூடிட்டியே" என்று அவர் இழுத்த இழுப்பில், தெருப் பெண்கள் அத்தனை பேரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். நம் கரிசல் காட்டில் ஒரு தையல்காரர் மனைவிக்கு, யாருமே பார்த்திராத ஒருத்திக்கு, அப்படி ஒரு அழுகை. அப்போதுதான் நீ உடைந்தாய்.

சாயங்காலம் அத்தை யாரையும் அடுப்படிக்குள் விடவில்லை. உள்ளேயிருந்து தட்டும் சத்தம் வந்தது. உன் சத்தம்போல் இல்லை. தட்டு, நிறுத்தம், ஒரு முணுமுணுப்பு, மறுபடி தட்டு. கொஞ்ச நேரத்தில் ஒரு தட்டோடு வந்தார். அதில் இருந்தது வட்டமும் இல்லை, சதுரமும் இல்லை. ஒரு பக்கம் தடிமன், ஒரு பக்கம் கருகல். உப்பவே இல்லை. பிய்த்து உன் வாயருகே கொண்டுபோனார்.

"வயித்தைக் காயப் போடாத. உங்கம்மா பொறுக்க மாட்டா."

நீ மென்றாய். விழுங்கினாய். பிறகு தட்டைப் பிடித்து உன் பக்கம் இழுத்து, முழுவதையும் சாப்பிட்டு முடித்தாய். எனக்கு அன்றைக்கு உன்மேல் ஆச்சரியமா, அத்தைமேல் ஆச்சரியமா என்று இன்றைக்கும் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அத்தை போனார், மாமா போனார், கொழுந்தனாரும் போனார். போன தை மாதம் அரியலூரில் உன் மகன் வீட்டில் நீயும் தூக்கத்திலேயே போய்விட்டாய். நான் வந்து உன் கைகளைத்தான் முதலில் பார்த்தேன். விரல் நுனிகளில் பழைய சூட்டுத் தழும்புகள்.

சின்ன வயதில் உன்னைப்போல் தட்ட எவ்வளவோ முயன்றேன். வரவில்லை. இப்போதும் கட்டையால்தான் உருட்டுகிறேன். உன்னிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்டது ஒரே ஒரு வார்த்தை. தட்டு காலியாவதற்குள் குனிந்து நீ கேட்பாயே, அது. பேரப்பிள்ளைகளுக்குச் சோறு போடும்போது என்னை அறியாமல் வாயில் வந்துவிடுகிறது. "அவுர்?" என்கிறேன். அவை சிரிக்கின்றன. "என்ன பாட்டி, ஹிந்தியா?" என்கின்றன. உன் பாஷையில் எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்று அர்த்தம்.