வளையல் தட்டு

மதினி,

லேபர் கேம்ப் முனையில் வளையல் வண்டி நிற்கிறது. எதிர்வீட்டுச் செல்லத்துக்கு நாளை வளைகாப்பு. சிவப்புக் கண்ணாடி வளையல்கள் குலுங்கியதும் உங்கள் கை நினைவுக்கு வந்தது.

உங்களுக்கும் இதே சிவப்பில்தான் அடுக்கினோம். கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து வயிறு மேடிட்டபோது சந்தே கொண்டாடியது. மலடி என்று ஏசியவர்களே வந்து சந்தனம் பூசினார்கள்.

அதற்கு முந்தின வாரம், சேலைக்கு அடியில் மறைத்து நீங்கள் காயப்போட்டிருந்த துணியைப் பார்த்தேன். கறை முழுதாகப் போயிருக்கவில்லை.

"மதினி, முழுகாம இருக்கவளுக்கு இது எப்படி வரும்?"

"வாயப் பொத்துட்டி. ஒங்கம்ம இப்பத்தான் எங்கூட ஒக்காந்து சாப்புடுதா."

பொத்திக்கொண்டேன். வளையல் தட்டையும் நானே ஏந்தினேன்.

இருபது நாளில் தண்ணீர்க் குழாய் வரிசையில் மயங்கி விழுந்தீர்கள். ஆஸ்பத்திரியில் வயிற்றை அழுத்திப் பார்த்த டாக்டரம்மா, "பச்சா நஹி, காண்ட் ஹை" என்று இந்தியில் சொன்னார். குழந்தை இல்லை, கட்டி. கர்ப்பப்பையின் தசையிலேயே முளைப்பது, புற்று அல்ல. வெளிப்புறம் வளர்ந்தால் மூத்திரப்பையை அழுத்தும். சுவருக்குள் வளர்ந்தால் பையே பெருத்து வயிறு மேடிடும். உட்புறம் துருத்தினால், சிறியதானாலும் இரத்தத்தைக் கொட்டவைக்கும், கருவைத் தங்கவிடாது. உங்களுக்குப் பின்னவை இரண்டும் இருந்தன. எடுத்துவிடலாம் என்றார். ஆனால் கத்தி வைக்க உடம்பில் இரத்தம் இல்லை. ஏற்றிய இரத்தமும் போதவில்லை. மூன்றாம் நாள் காலை, வளையல் போட்ட கையோடு போய்விட்டீர்கள்.

கட்டி உங்களைக் கொல்லவில்லை, மதினி. மலடி என்ற சொல்லுக்குப் பயந்து இரத்தத்தை மறைத்தீர்கள். சந்தனம் பூசிய ஒவ்வொரு கைக்கும் அதில் பங்குண்டு. தட்டு ஏந்திய கைக்கும்.

இப்போதெல்லாம் குழாயடியில் சத்தமாகவே கேட்கிறேன்: "எக்கா, மாசம் எத்தன நாளு போவுது?"

"வெக்கங்கெட்டவ வந்துட்டா, காதப் பொத்துங்கட்டி!" என்று சிரிக்கிறார்கள். பிறகு ஒவ்வொருத்தியாக ஓரமாய் வந்து சொல்கிறார்கள். நாலு பேரை பஸ்ஸேற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். கட்டியை எடுத்துவிட்டு வந்த ஒருத்தி இன்று வரிசையில் என்னோடு சண்டை போட்டாள். சந்தோஷமாகத் திட்டு வாங்கிக்கொண்டேன்.

நாளைக்குத் தட்டு ஏந்தச் செல்லம் என்னைத்தான் கூப்பிட்டாள்.

"டாக்டர்ட்ட காட்டினியாட்டி?"

"காட்டினேன்க்கா. புள்ள நெஞ்சு துடிக்கத கொழா வச்சுக் கேட்டாவ."

அதற்குப் பிறகுதான், மதினி, சரி என்றேன்.