ஒன்றை அமுக்கினால் நலம்

பிப்ரவரி 6

லாட்ஜில் மேல்மாடி கீசர் மறுபடி மண்டையைப் போட்டுவிட்டது. சென்னைக் குடும்பம் ரிசப்ஷனில் நின்று என்னைத் திட்டிக்கொண்டிருக்கும்போதே சேலத்து எய்ட்ஸ் தடுப்பு ஆபீசிலிருந்து சசிரேகா மேடம் போனில்: "பாலகுமார், இந்த வார மெசேஜ் போட்டாச்சா?"

போட்டாச்சு. "பாதுகாப்பான பாலுறவு நடத்தைகளை மேற்கொள்வீர்." எந்தப் புண்ணியவான் எழுதினானோ! இந்த மலையில் என்னைப் போல ஆண்களை விரும்பும் பையன்கள் எச்.ஐ.வி.யில் மாட்டிக்கொள்ளக் கூடாது என்றுதான் லாட்ஜ் வேலை போக இந்த மெசேஜ் வேலையையும் தலையில் போட்டுக்கொண்டேன். ஒருத்தனும் மேற்கொள்ள மாட்டான். படித்த அடுத்த நொடி அழித்துவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்ப்பான்.

பிப்ரவரி 9

நினைத்தது நடந்துவிட்டது. ஒரு பையனுக்குப் போன மெசேஜை அவன் அண்ணன் படித்துவிட்டான். செம அடி. மேடத்துக்குப் போன் போட்டுக் கத்தினேன். "மலைமேல ஊட்டுக்கு ஒரு போனுங்க மேடம்! டவர் கெடைக்கிற எடத்துல மஞ்சப்பைல போட்டு மரத்துல மாட்டி வெச்சிருப்பாங்க. போறவன் வர்றவன் எல்லாம் எடுத்துப் பார்ப்பான்!"

"அப்ப நீங்களே எழுதுங்க" என்றார்.

எழுதினேன். "நலமா? நலம் என்றால் 1. பேச வேண்டும் என்றால் 2." யார் எடுத்துப் பார்த்தாலும் ஒரு மண்ணும் புரியாது. எனக்கே என் மேல் மரியாதை வந்துவிட்டது.

மார்ச் 4

தலைச்சோலை கிராமத்து வெங்கடேஷ்தான் இப்போது ஆபீசின் செல்லப்பிள்ளை. வீட்டில் காபித் தோட்டம், மிளகு. சீசனில் டூரிஸ்ட் ஜீப் ஓட்டுவான். பெங்களூரிலிருந்து வந்து தங்கிய ஒருத்தரோடு ஆணுறை இல்லாமல் இருந்துவிட்டதாகப் பொங்கலுக்கு முன்னால் என்னிடம் வந்து அழுதான். "சேலம் பெரியாஸ்பத்திரி நம்பிக்கை மையத்துல ரத்தம் குடுத்துப் பாரு, இலவசம்தான், பேரு வெளிய போகாது" என்று சொல்லி அவன் கொடுத்த நம்பரை மெசேஜ் லிஸ்டில் சேர்த்துக்கொண்டேன். புது மெசேஜ் ஆரம்பித்ததிலிருந்து வாராவாரம் 1. போன வாரம் "பார்த்தாச்சா? ஆச்சு என்றால் 1" என்று கேட்டதற்கும் 1.

"எல்லாரும் வெங்கடேஷ் மாதிரி இருந்தா எவ்வளவு நல்லா இருக்கும்" என்றார் மேடம்.

ஏப்ரல் 11

என்னை எதால் அடிப்பது?

வெங்கடேஷ் லாட்ஜுக்கு வந்தான். கல்யாணமாம். பெண் பெயர் கீர்த்திகா. "சேர்வராயன் கோயில் நோம்பி முடிஞ்சதும் வெச்சிருக்குதுங்கண்ணா" என்றான். மே மாதத் திருவிழா அது. சரி, பெண் பார்த்தது வீட்டார் விருப்பம், அதை நான் என்ன சொல்ல? ரத்தம் பார்த்ததில் என்ன வந்தது என்று மட்டும் கேட்டேன்.

"எங்கீங்க பார்த்தேன்? நான் போவவே இல்லீங்களே."

"வாராவாரம் ஒண்ணு அனுப்பறியேடா!"

"நானுங்களா? அது அம்மா போனுங்கண்ணா. என் சிம்முக்கு ஊர்ல டவர் இல்லீங்க."

அவன் போனதும் அந்த நம்பருக்கு அடித்தேன். அவன் அம்மா குப்பாயி எடுத்தார். "ஏனுங்க, கேஸ் கம்பெனிங்களா? வாராவாரம் தவறாம ஒண்ணு அமுக்கிப்போடறேனுங்க. அப்புறமும் சிலிண்டரு நொம்ப லேட்டா வருதுங்களே?"

சிலிண்டர் புக் பண்ணும்போது போனில் வரும் குரல் ஒன்றை அமுக்கச் சொல்கிறதல்லவா, அதையும் இதையும் சேர்த்துக்கொண்டிருக்கிறார். எழுத்து தெரியாது, எண் தெரியும். யாருக்கும் புரியாதபடி எழுதியது எந்த மேதை? நான்தான்!

அமுக்க வேண்டாம் என்றால், ஏன், என்ன என்று கேள்வி வரும். "அமுக்குங்கம்மா" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். வேறு என்ன செய்ய?

ஏப்ரல் 19

ஜீப் ஸ்டாண்டில் அவனைப் பிடித்தேன். "கல்யாணம் முடியட்டுங்கண்ணா" என்கிறான். முடிந்த பிறகு பார்த்து யாருக்கு என்ன பிரயோஜனம்? அந்தப் பெண் என்ன பாவம் செய்தாள்? "ஒருநாள் சேலம் போய்ட்டு வரதுக்கு உனக்கு என்னடா கேடு?" என்று கேட்டேன். ஜீப்புக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டு எதையோ முடுக்கினான். முடுக்க ஒன்றும் இல்லை, எனக்குத் தெரியும்.

ஏப்ரல் 26

1.

மே 3

1. சிலிண்டர் வந்துவிட்டதா என்று கேட்கலாம் போலிருக்கிறது.

மே 8

கீர்த்திகா வீட்டில் சொல்லிவிடலாமா என்று மேடத்திடம் கேட்டேன். கூடவே கூடாது என்றார், அது அவன் சொல்ல வேண்டியது. எனக்கும் தெரியும். நாம் ஒருத்தனைப் பற்றி வெளியே சொன்னோம் என்று பேச்சு பரவினால் நாளைக்கு எவனும் நம்மிடம் வர மாட்டான். தெரிந்துதான் கேட்டேன். கோபம் வந்தால் தெரிந்ததைக்கூடக் கேட்கத் தோன்றுகிறது.

மலர்க் கண்காட்சிக் கூட்டம் வேறு. ரூம் இல்லை என்று சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது.

மே 17

2 வந்திருக்கிறது.

தலைச்சோலை நம்பரிலிருந்து. 2!

கவுண்டரில் நின்றிருந்தவர்களை அப்படியே விட்டுவிட்டு வெளியே ஓடிப் போன் போட்டேன். குப்பாயி பதறிக்கொண்டு எடுத்தார். "சாமி, எம் பையன் போனைப் பிடுங்கி ரெண்டு அமுக்கிப்போட்டானுங்க! கனெக்சனைக் கட் பண்ணிப்போடாதீங்க சாமி!"

"கட் பண்ண மாட்டங்கம்மா. அவங்கிட்டக் குடுங்க."

வெங்கடேஷ் வாங்கினான். "எப்பங்கண்ணா போலாம்?" என்றான்.

மே 20

சேலம் பஸ்ஸில் மலை இறங்கும்போது அவனாகவே சொன்னான். "மெசேஜ் வந்தா அம்மா மரத்துகிட்ட ஓடிப் போயி ஒண்ணு அமுக்குதுங்க. எம் மவன் நல்லா இருக்கான்னு வாராவாரம் உங்களுக்கு அதுதான் சொல்லுது. என்ன சொல்றோம்னு அதுக்கே தெரியாது. பாத்துட்டே இருந்தேனுங்க. முடியலீங்கண்ணா."

எச்.ஐ.வி. இருக்கிறது. திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார்கள். மாத்திரையை விடாமல் போட்டால் எல்லாரையும் போல் வாழலாம் என்று நம்பிக்கை மையத்து அம்மா நிதானமாக விளக்கினார். அவன் தலையாட்டினான். எனக்கு அழுகை வந்தது, அதை விட அதிகமாக எரிச்சல். பிப்ரவரியிலிருந்து நானும் என் 1-ம்! வந்து அழுத அன்றைக்கே கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்திருக்கலாம்.

மே 29

கல்யாணம் நின்றுவிட்டது. அவனே போய் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறான். காரணம் சொல்லவில்லை. பெண் வீட்டார் ஏசியதை ஊரே கேட்டதாம். குப்பாயி இவனோடு பேசுவதில்லை.

ஜூலை 14

மாத்திரை ஆரம்பித்ததிலிருந்து தலைசுற்றல், கண்ட கனவு என்று புலம்பல். இடையில் ரெண்டு நாள் விட்டிருக்கிறான். "உன்னயக் கட்டி மேய்க்க என்னால ஆகாதுடா சாமி" என்று கத்திவிட்டேன். அப்புறம் அவனுக்குப் போகும் மெசேஜை மாற்றினேன். தினமும் ராத்திரிச் சாப்பாட்டு நேரத்துக்கு, "சாப்பிட்டாச்சா? ஆச்சு என்றால் 1."

ஆகஸ்ட் 2

மாத்திரை எதற்கு என்று அம்மாவிடம் சொல்லிவிட்டானாம். மற்றதை? "அவங்க கேக்கலீங்க, நானும் சொல்லலீங்க." சரி. என் அம்மாவிடம் நான் என்னைப் பற்றி அவ்வளவுகூடச் சொன்னதில்லை, நான் பேச வந்துவிட்டேன்.

அக்டோபர் 21

மழை. டவர் போய்ப் போய் வருகிறது. 1 வந்தது, ஆனால் சூடு கண்ட பூனையாயிற்றே நான், போன் போட்டேன். குப்பாயி எடுத்தார்.

"அம்மா, யாருங்க அமுக்குனது?"

"நான்தான் சாமி. அவன் முழுங்கி, வாயைத் தொறந்து காட்டுனப்புறந்தான் கொடையை எடுத்துட்டு மரத்துகிட்ட வந்தேன். கேஸு வேற இது வேறன்னு எனக்குத் தெரியாதா?"

போனை வைக்கப் போனேன்.

"நீ சாப்பிட்டியா கண்ணு?"

ஆச்சுங்கம்மா என்று பொய் சொன்னேன். வைத்துவிட்டு, போய்ச் சாப்பிட்டேன்.