பத்து ஆண்டு நீ, பத்து ஆண்டு நான்

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

நலம், நலமறிய ஆவல். நீ அனுப்பிய ஆட்டம் கம்ப்யூட்டரில் வந்து சேர்ந்தது. ஆட்சிக் குறிப்பு மறுநாள் தபாலில் வந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

நாம் போட்டுக்கொண்ட விதிகளை உனக்கு நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது. ஒரே ராஜ்ஜியம், இரண்டு பேர். பத்து ஆண்டு நீ ஆள வேண்டும், அடுத்த பத்து ஆண்டு நான். முடித்தவர் ஆட்டத்தை மற்றவருக்கு அனுப்பிவிட்டு, என்னென்ன செய்தேன் என்று கைப்பட எழுத வேண்டும். தோற்ற போரைத் திரும்ப ஆடக் கூடாது. போனில் பேசினால் சண்டை வருகிறது என்றுதானே உன் கல்யாணத்துக்குப் பிறகு இந்த ஏற்பாடு. ஒன்பது வருடமாக நான் ஒரு விதியையும் மீறவில்லை.

இந்த முறை ஆற்றங்கரைப் போரை முப்பது வில்லாளிகளை வைத்து ஜெயித்திருக்கிறாய். எதிரியிடம் இருநூறு பேர். குறிப்பில் ‘அதிர்ஷ்டம்’ என்று ஒரே வார்த்தை. போன முறை வாய்க்கால் வெட்டினாய். அதற்கு முந்தின முறை மூன்று ஊர்களில் தானியக் கிடங்கு. தம்பி, நாளைக்குப் பரீட்சைக்கு வேண்டிய பென்சிலை இன்றைக்கே கடித்து முடித்தவன் நீ. கிடங்கு கட்டும் புத்தி உனக்கு எப்போது வந்தது?

மறைக்காமல் எழுது. தோற்றுவிட்டுத் திரும்ப ஆடினாயா?

இங்கே ஆஸ்பத்திரியில் எங்கள் எக்ஸ்ரே அறைக்குப் புது இயந்திரம் வந்திருக்கிறது. பழையதைப் போல உறுமுவதில்லை. வீட்டில் உள்ளவர்களைக் கேட்டதாகச் சொல்.

உன் அக்கா

மார்ச் 15

அன்புள்ள அக்காவுக்கு,

வந்தது கடிதமா சம்மனா என்று கொஞ்ச நேரம் எனக்கு விளங்கவில்லை.

சத்தியமாகத் திரும்ப ஆடவில்லை. மழை பெய்து ஆறு பெருகியிருந்தது. எதிரியின் ஆட்கள் சேற்றில் மாட்டிக்கொண்டார்கள், அவ்வளவுதான். வயது ஏற ஏற மனிதனுக்குக் கொஞ்சமாவது புத்தி வராதா?

வேலை ஓயவில்லை. பதினெட்டு மாடிக் கட்டிடம் ஒன்றில் இரண்டு லிஃப்டும் ஒரே நாளில் நின்றுவிட்டன. ஏழாவது மாடியில் மாட்டிக்கொண்ட ஒரு பெரியவர், “தம்பி, நீ திறக்கறதுக்குள்ள எனக்கு இன்னொரு வயசு ஆயிடும் போலிருக்கே” என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். வெளியே வந்ததும் முதல் வேலையாக என்னைத் திட்டினார்.

இப்போது உன் முறை. முதுகுவலி எப்படி இருக்கிறது?

உன் தம்பி

ஏப்ரல் 10

தம்பிக்கு,

உன் பதிலைப் படித்ததில் சந்தேகம் இரட்டிப்பாகிவிட்டது.

ஆட்டத்தைச் சேமிக்கும்போது தேதியும் மணியும் அதிலேயே பதிந்துவிடும். உனக்கு அது தெரியாது போலிருக்கிறது. இரண்டு வருடத்து ஆட்டங்களை வரிசையாகத் திறந்து பார்த்தேன். எல்லாம் செவ்வாய்க்கிழமை. காலை பதினொன்று, பதினொன்றரை. அந்த நேரத்தில் நீ ஏதாவது லிஃப்டின் அடியில் குனிந்திருக்க வேண்டியவன். வேலை போய்விட்டதா? உடம்புக்கு முடியவில்லையா?

அதனால் ஒரு பொறி வைத்தேன். போன முறை என் ஆட்சி முடியும்போது தலைநகரக் கோட்டை வாசலைக் காவல் இல்லாமல் விட்டேன். சந்தையில் நூறு குதிரைகளை நிறுத்தினேன். குதிரையைக் கண்டால் உனக்குக் கை நிற்காது. ஆட்டம் திரும்பி வந்தது. முதல் காரியமாக வாசலுக்குக் காவல் போட்டிருக்கிறது. குதிரைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

யார் அவன்? உன்னோடு வேலை பார்க்கிறவனா? நம் வீட்டு விஷயமெல்லாம் எழுதுகிறேனே, அதையும் படிக்கிறானா?

வீட்டில் யாரோ ஆடினார்கள் என்று மழுப்பாதே. உன் வீட்டில் முன்யோசனை உள்ளவர்கள் யாரும் இல்லை. இருந்திருந்தால், நான் வாக்குக் கொடுத்திருந்த சம்பந்தத்தை உதறச் செய்து உன் மனைவி உன்னை இழுத்துக்கொண்டு போயிருப்பாளா? தன் வீட்டுக் கதவைத் தாண்டி யோசிக்கத் தெரியாதவள். அது தெரிந்துதான் அந்தக் கல்யாணத்துக்கு நான் வரவில்லை.

என் பத்து ஆண்டையும் ஆடி அனுப்பியிருக்கிறேன். பதில் வராமல் அடுத்த முறை ஆடமாட்டேன்.

அக்கா

ஏப்ரல் 19

அன்புள்ள அக்கா,

நீ தேடுகிற ‘அவன்’ யாரும் இல்லை. ஆடினது என் மனைவி. இரண்டு வருடமாக அவள்தான் ஆடுகிறாள்.

வேலை முடிந்து வந்தால் எனக்குக் கண் சொருகிவிடுகிறது. ஆட்டம் அலுத்துப்போயிற்று. போதும் என்று உனக்கு எழுத உட்கார்ந்தேன். அவள் பார்த்துவிட்டாள். “ஆட்டத்த நிறுத்திட்டா அண்ணி உங்களுக்கு எதுக்கு லெட்டர் போடப் போறாங்க? குடுங்க, நான் ஆடுறேன். நீங்க எழுதுற வேலைய மட்டும் பாருங்க” என்றாள்.

அவள் பெயின்ட் கடையில் நிறம் கலக்கிறாள். செவ்வாய்க்கிழமை கடைக்கு விடுமுறை. நீ என்ன குறை சொல்லியிருக்கிறாய் என்று உன் கடிதங்களைப் பார்த்துப் பார்த்து ஆடுவாள். ஆற்றங்கரையில் ஜெயித்த அன்று நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை, அதற்குள் முழுக் கதையையும் சொல்லி முடித்தாள்.

உன் கடைசிக் கடிதத்தையும் நான் வருவதற்குள் பிரித்துவிட்டாள். நான் வந்தபோது துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“அண்ணி கண்டுபிடிச்சுட்டாங்க.”

“முழுசா படிச்சியா?”

“படிச்சேன். அது உங்களுக்கு எழுதினது.” கடைசித் துணியையும் மடித்து அடுக்கினாள். “இனிமே நீங்களே ஆடுங்க.”

அழவில்லை. அழுதிருந்தால் எனக்குத் தேவலை. ஆட்டத்தை அப்படியே, ஒரு வீரனைக்கூட நகர்த்தாமல் திருப்பி அனுப்புகிறேன். மறைத்தது என் தப்பு. உன்னிடம் சொல்லிவிடும்படி அவள் எத்தனையோ முறை சொன்னாள். நான்தான் பயந்தேன். எதற்கென்று உனக்கே தெரியும்.

தம்பி

ஏப்ரல் 30

என் தம்பியின் மனைவிக்கு,

எப்படித் தொடங்குவதென்று தெரியாமல் இரண்டு தாளைக் கிழித்துவிட்டேன். ஒன்பது வருடத்தில் உன்னை ஒரு முறைகூடக் கூப்பிட்டதில்லை. அதனால் வார்த்தை வரமாட்டேன் என்கிறது.

முதலில் கோபம்தான் வந்தது. என் தம்பி கெட்டிக்காரன் என்று ஆஸ்பத்திரி முழுக்கப் பெருமை பேசித் திரிந்திருக்கிறேன். இரண்டு நாள் அங்கே யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

பிறகு பழைய ஆட்டங்களை மறுபடி திறந்தேன். குற்றம் கண்டுபிடிக்கத்தான் திறந்தேன், பொய் சொல்லமாட்டேன். போன வருடம் எனக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் ஆன மாதம் படுத்துக்கொண்டே ஆடினேன். தப்பும் தவறுமாக ஆடி மூன்று ஊர்களில் கலகம் வந்துவிட்டது. அடுத்த பத்து ஆண்டும் நீ ஒரு புது ஊரைக்கூடப் பிடிக்கவில்லை. நான் கெடுத்ததைச் சரிசெய்வதிலேயே போயிருக்கிறது. குறிப்பில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. ‘உடம்பைப் பார்த்துக்கொள்’ என்று மட்டும் இருந்தது. அதையும் நீதான் எழுதச் சொன்னாயாம். இன்றைக்குத் தம்பிக்குப் போன் செய்து கேட்டேன். எங்களுக்குள் சண்டை வரவில்லை.

உன்னைப் பற்றி எழுதியதை இனி அழிக்க முடியாது. கை தவறிவிட்டது என்றும் சொல்லமாட்டேன். நினைத்ததைத்தான் எழுதினேன், தெரியாமல் நினைத்துவிட்டேன். எனக்குச் சந்தேகப்படத் தெரிந்த அளவுக்கு மன்னிப்புக் கேட்கத் தெரியாது. கேட்கிறேன்.

ஆட்டத்தை உனக்கு அனுப்பியிருக்கிறேன். ஆட விருப்பம் இல்லையென்றால் அதையும் நீயே எழுது. தம்பி கையெழுத்தில் வந்தால் பிரிக்கமாட்டேன்.

அண்ணி

மே 14

அண்ணிக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மூன்றாவது முறை உங்கள் தம்பி வாய்விட்டுப் படித்தார், நான் கேட்காமலேயே.

கோபம் போய்விட்டது என்று எழுதச் சொல்கிறார். போகவில்லை. ஒன்பது வருடம் சேர்ந்தது இரண்டு வாரத்தில் எப்படிப் போகும்? போகும்போது சொல்கிறேன்.

ஆட்டத்தைத் திறக்கக் கூடாது என்றுதான் இருந்தேன். சும்மா பார்ப்போமே என்று திறந்தால், முதல் ஆண்டிலேயே கிழக்கே இரண்டு ஊர்களில் வெள்ளம். நமக்குள் மனஸ்தாபம் என்பதற்காக அந்தச் சனங்களைத் தண்ணீரில் விட்டுவிட்டு எழுந்து போக மனசு வரவில்லை. மேட்டில் புதிதாக ஓர் ஊர் கட்டி எல்லாரையும் குடியேற்றினேன். பத்து ஆண்டும் அதற்கே சரியாகிவிட்டது. வேறு ஒன்றும் பெரிதாகச் செய்யவில்லை.

அந்த ஊருக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. உங்கள் முறையில் நீங்கள் வையுங்கள். எனக்குப் பிடிக்கவில்லை என்றால் மாற்றிவிடுவேன்.

உங்கள் தம்பி மனைவி