கச்சேரிக்கு நடுவே ஒரு கூப்பாடு

மெட்ராஸ் துரைக்கு,

தம்பிமேல உள்ள கோபம் இன்னும் இறங்கலையா மக்கா? அவன் ஆஸ்பத்திரியில கண்ணே திறக்காமக் கிடக்கான். நான் சும்மா இருப்பேனா? கோவளத்து வெள்ளைக்காரன்கிட்ட வாங்கி நீங்க ரெண்டுபேரும் காப்பி எடுத்த அந்த இங்கிலீஷ் பங்க் ராக் கச்சேரி கேசட்டைப் போட்டேன். நர்ஸம்மா காதைப் பொத்திக்கிட்டு ஓடினா!

ரெண்டு டேப்ரிக்கார்டரை எதிரெதிரே வச்சுப் பதிஞ்சப்போ, "சோறு ஆறுதுலே"ன்னு நான் கத்தினதும் அதுல ஏறிப்போச்சுல்ல? என்னை ஏசிட்டு, அதையே ஊரெல்லாம் தபால்ல அனுப்பினீங்களே! அந்த இடம் வந்ததும் அவன் விரல் அசைஞ்சுது.

நேத்து டேப் மெஷினுக்குள்ள சிக்கிக் கந்தலாகிப்போச்சு. நானே பக்கத்துல நின்னு கத்திப் பார்த்தேன். அசையலை.

கேசட்டுல என் சத்தத்துக்குப் பின்னால உன் சத்தம் இருக்கும்: "இந்தா வாரோம்மா."

வாலே.

உங்க பாட்டைக் கெடுத்த
அம்மா